ஏழாம் நம்பர் மேஜை

மடியில் யாரோ ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுப் போனபோதுதான், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மெக்கானிக்குச் சந்தேகம் வந்தது.

ரிப்பேருக்குப் போன இடத்தில் தண்ணீர் கொடுப்பார்கள். மனசு வந்தால் டீ கொடுப்பார்கள். பதினாறு வருஷத் தொழிலில் மடியில் துணி விரித்தவர்கள் ஒருவரும் இல்லை.

அவன் வேலை, ஹோட்டல்களில் பாத்திரம் கழுவும் மெஷினைச் சரி பார்ப்பது. கடை அக்கா புருஷனுடையது. அத்தான் முதலாளி, இவன் மெக்கானிக், வேறு ஆள் கிடையாது. மத்தியானம் அத்தான் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்:

“பெரிய இடம் மாப்ள. மெனு கார்டே கிடையாதாம். அவங்களா பன்னிரண்டு தட்டு குடுப்பாங்களாம், நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் கேக்க முடியாதாம். ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வெச்சாத்தான் எடம். அங்க மெஷின் நின்னு போச்சு. கிரீஸ் சட்டையோட போய் என் மானத்தை வாங்காத. பின்பக்கச் சந்துல குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்காங்க, முன்வாசல் வழியாவே போ. ஆறு மணிக்கு அங்க இருக்கணும்.”

சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஆறு மணிக்கு முன்வாசலில் நின்றான். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள். அது அவள் சிரிப்பிலேயே தெரிந்தது. இறக்கி வைக்க இடம் தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ஆறு மணிக்கு வரச் சொன்னாங்க,” என்றான்.

“தெரியும் சார். ஏழாம் நம்பர் மேஜை. மேடம் வந்து காத்துக்கிட்டிருக்காங்க.” அவன் கையிலிருந்த சாமான் பையைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “இதை நாங்க பத்திரமா வெச்சுக்கறோம்.”

மேடம் என்றால் முதலாளியம்மாவாக இருக்கும். பெரிய இடங்களில் உட்கார வைத்துப் பேசிவிட்டுத்தான் மெஷினைக் காட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். எதிரே இருந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நாற்காலி முதுகில் சாம்பல் நிறத்தில் தடித்த கோட்டு ஒன்று மாட்டியிருந்தது. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அவனைப் பார்த்ததும் பாதி எழுந்து, கைகூப்பி, மறுபடி உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க,” என்றான் மெக்கானிக். “என்ன பிரச்சினை?”

“நீங்கதானே சொல்லணும்?” என்றாள் அவள் மரியாதையாக.

தொழில் தெரியுமா என்று சோதிக்கிறாள் என்று அவன் நினைத்தான். அந்த நேரத்தில்தான் துணி வந்து மடியில் விழுந்தது. விரித்தவர், மெல்லிய மீசை வைத்த சர்வர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செய்தி வாசிக்கப் போகிறவர்போலத் தொண்டையைச் சரிசெய்தார்.

“ஏழாம் மேஜைக்கு வணக்கம். நீங்க ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் முதன்முதலாச் சந்திக்கிறீங்கன்னு, மேஜை புக் பண்ணின கல்யாணத் தகவல் மையத்துல சொல்லியிருக்காங்க. பேரெல்லாம் கேட்டுக் கூச்சப்படுத்த வேண்டாம்னும் சொல்லியிருக்காங்க. நல்லாப் பேசுங்க. பன்னிரண்டு தட்டு வரும், நேரம் நிறைய இருக்கு.”

அவள் முகம் சிவந்தது. மெக்கானிக்கின் காது இரண்டும் கொதித்தன.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. இவள் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறாள். தான் உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளை நாற்காலி. அந்த ஆள் எந்த நிமிஷமும் கோட்டும் சூட்டுமாக வந்து நிற்கலாம். அதற்குள் எழுந்துவிட வேண்டும்.

“ஒரு நிமிஷம், நான் வந்து...” என்று ஆரம்பித்தான்.

அவன் முன்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு வந்து இறங்கியது. மூடியைத் தூக்கியதும் குபுகுபுவென்று புகை. எங்கே எரிகிறது என்று பழக்க தோஷத்தில் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். புகை விலகியதும், கார் ஸ்டியரிங் அளவு தட்டின் நட்டநடுவில் ஒரே ஒரு பச்சைப் பட்டாணி தெரிந்தது.

“இதுக்குப் பேரு காத்திருப்பு,” என்று சொல்லிவிட்டு மீசைக்காரர் நகர்ந்தார்.

இருவரும் பட்டாணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுகூட இருந்ததெல்லாம் எங்க போயிருக்கும்?” என்றாள் அவள்.

“கூட்டுக் குடும்பம் ஒத்துவரலைன்னு இது மட்டும் தனிக்குடித்தனம் வந்திருக்கும்.”

அவன் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்து விழுந்தது. அவள் மடித்துணியை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தன் பேச்சுக்கு ஒரு பெண் இப்படிச் சிரித்து மெக்கானிக் பார்த்ததில்லை. வயது முப்பத்தொன்பது ஆகிறது. அவனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசுவதையே அக்கா விட்டு நாலு வருஷம் ஆகிறது. சொல்ல வந்த உண்மை பட்டாணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

இரண்டாவது தட்டில் நுரை வந்தது. நுரையைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. பதினாறு வருஷமாக அதில்தான் கை. ஆனால் கேரட் ருசியுள்ள நுரையை அன்றுதான் பார்த்தான். நன்றாகவும் இருந்தது. அதுதான் கஷ்டம்.

“நீங்க என்ன பண்றீங்க?” என்று அவள் கேட்டாள்.

“அத்தான்கூடச் சேர்ந்து... ஒரு கம்பெனி.”

“நான் அண்ணன்கூட. எங்களுதும் கம்பெனிதான்.”

இரண்டு கம்பெனிகளும் தட்டைப் பார்த்துக் குனிந்து நுரையைச் சாப்பிட்டன.

மூன்றாவது தட்டை வைக்க மீசைக்காரர் குனிந்தபோது, மெக்கானிக் அவர் காதோடு சொன்னான்: “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நான் இங்க சாப்பிட வந்தவன் இல்ல.”

மீசைக்காரர் நிமிர்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எனக்குத் தெரியும் சார். சாப்பிடறதுக்கு இங்க யாரும் வர்றதில்ல. அனுபவிக்கத்தான் வர்றாங்க. எட்டு வருஷமா இதைத்தான் நான் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தர் வாய்லேர்ந்து வந்திருக்கு.”

“அதில்லண்ணே, நான் சொல்ல வந்தது...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். உங்களை நான் தனியாக் கவனிச்சுக்கறேன்.”

அதன்பிறகு அவர் ஏழாம் மேஜையை விட்டு நகரவே இல்லை. மற்ற மேஜைக்காரர்களிடம் கண்ணைக் காட்டி, ‘பார்த்தீர்களா, இவர்தான் ரசிகர்’ என்பதுபோலத் தலையாட்டினார். எட்டாம் மேஜையில் இருந்த பெரியவர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்.

நாலாவது தட்டின்போது மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் நடுங்கியது. அத்தான்.

“எங்கடா இருக்க? ஆள் இன்னும் வரலன்னு சமையல்கட்டுலேர்ந்து போன் மேல போன்.”

“இங்கதான் இருக்கேன் அத்தான். ஆறு மணிக்கே வந்துட்டேன்.”

“வேலை எந்த மட்டுல இருக்கு?”

மெக்கானிக் எதிரே பார்த்தான். அவள் முள்கரண்டியின் நுனியால் ஒரு காளானைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு முடிஞ்சிருக்கு. இன்னும் எட்டு இருக்கு,” என்று சொல்லிப் போனை வைத்தான்.

அவன் வைத்த உடனே அவள் போன் அடித்தது. அவள் திரும்பி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினாள். அடுத்தவர் பேச்சைக் கேட்கும் பழக்கம் மெக்கானிக்குக் கிடையாது. ஆனால் மேஜை சின்னது.

“வந்துட்டேண்ணா... இல்ல, இன்னும் ஒண்ணும் முடிவாகல... அதெப்படி இப்பவே சொல்ல முடியும்? பார்த்துட்டுத்தானே சொல்லணும்? இதுவே போதுமா, இல்ல புதுசா வேற பார்க்கணுமான்னு அப்புறம் சொல்றேன்.”

மெக்கானிக் தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டான். மாப்பிள்ளை தான் இல்லை என்பது தெரிந்தும், ‘புதுசா வேற’ என்ற வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஐந்தாவது பதார்த்தம் டீ சாஸரில் வந்தது. அவனுக்கு நீல பார்டர் வைத்தது, அவளுக்குப் பூப்போட்டது. ஆறாவது, ஒரு சதுரமான வெள்ளைப் பலகையில் வந்தது. வழவழவென்றிருந்த அதில் வறுத்த மீன் துண்டு ஒன்று சாய்ந்து படுத்திருந்தது.

“தட்டுன்னா வட்டமாத்தான் இருக்கணும்ங்கறது ஒரு சிறை,” என்றார் மீசைக்காரர். சுற்றியிருந்த மேஜைகளில் ‘ஆஹா’ என்றார்கள்.

மெக்கானிக் மீனைத் தின்றுவிட்டுப் பலகையைத் திருப்பிப் பார்த்தான். அடியில் காய்ந்த சிமென்ட் ஒட்டியிருந்தது. பாத்ரூம் டைல்ஸ்.

அவனுக்கு வேர்த்துவிட்டது. நாற்பது பேர், ஆளுக்குப் பன்னிரண்டு, மொத்தம் நானூற்று எண்பது தட்டு. மெஷின் ஓடினால்தான் முதல் சுற்றுத் தட்டு நாலாவது சுற்றுக்குத் திரும்பி வரும். மெஷின் ஓடவில்லை. ஓட வைக்க வேண்டியவன் ஏழாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டு, டைல்ஸில் மீன் தின்கிறான்.

எழுந்து நேரே சமையல்கட்டுக் கதவை நோக்கி நடந்தான். மீசைக்காரர் குறுக்கே வந்தார்.

“கை கழுவற இடம் இந்தப் பக்கம் சார்.”

“நான் சமையல்கட்டைப் பார்க்கணும்.”

“பார்க்காம விடுவோமா? பன்னிரண்டாவது தட்டுக்கு அப்புறம் தலைமைச் சமையல்காரரே வந்து கூட்டிட்டுப் போவாரு. அதுக்கு முன்னாடி பார்த்தா மயக்கம் கலைஞ்சிடும் சார்.”

தோளில் கைபோட்டு அவனை நாற்காலியில் கொண்டுவந்து சேர்த்தார்.

மெஷினிடம்தான் போக முடியவில்லை, தட்டையாவது கழுவலாம் என்று மெக்கானிக்குத் தோன்றியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்த நேரம் பார்த்து, இரண்டு சாஸர், இரண்டு டைல்ஸ் நாலையும் மடித்துணிக்குள் சுருட்டிக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனான். திரவ சோப்பை ஊற்றித் தேய்த்து, கை காயவைக்கும் மெஷினின் சூட்டுக் காற்றில் காட்டி, பளபளவென்று கொண்டுவந்து மேஜையில் வைத்தான். இனி அடுத்த சுற்றுக்கு நாலு தட்டாவது இருக்கும்.

மீசைக்காரர் வந்தார். மேஜையில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் மின்னிக்கொண்டிருந்த டைல்ஸைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

“உங்களுக்கு இன்னும் ஐந்தும் ஆறும் பரிமாறவே இல்லையா சார்?”

“பரிமாறிட்டீங்க. சாப்பிட்டாச்சு.”

“என் வேலையைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க. அந்தப் பெரிய மனசு எனக்குப் புரியுது. ஆனா தப்பு தப்புதான்.”

மூன்றே நிமிஷத்தில் ஐந்தாவதும் ஆறாவதும் மறுபடி வந்தன. சாஸர் தீர்ந்துபோனதால் ஐந்தாவது ஒரு பூந்தொட்டித் தட்டில் வந்தது.

“இதை நாம முன்னாடியே சாப்பிட்டோமே?” என்றாள் அவள் மெதுவாக.

“ஆமா. எனக்கும் அப்படித்தான் தோணுது.”

“தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க போனீங்க?”

“கழுவி வெச்சேன்.”

அவள் அவனையே பார்த்தாள். பைத்தியம் என்று நினைக்கிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்கண்ணி கேட்டா உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடுவாங்க,” என்றாள் அவள். “எங்கண்ணன் சாப்பிட்ட தட்டை நகர்த்திக்கூட வெச்சதில்ல.”

அவள் குரலில் கிண்டல் இல்லை. இரண்டாம் தடவை வந்த மீனையும் இருவரும் தின்றார்கள்.

ஏழாவது பதார்த்தத்தின் பெயர் பனிமலை. ஒரு டீ கிளாஸில் வெள்ளையாக ஏதோ தண்ணீர் ததும்பிக்கொண்டு வந்தது. மலை எங்கே என்று அவன் தேடினான்.

“நேத்து மலை. இன்னிக்கு ஆறு,” என்றார் மீசைக்காரர், எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டு. “எதுவும் நிலைக்கறதில்லைங்கற தத்துவம்.”

எட்டாம் மேஜைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் எதிரே இருந்தவளின் முகம்தான் சட்டென்று வாடிப்போனது. கிளாஸை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள், கீழே வைத்துவிட்டாள்.

“என்ன ஆச்சு?” என்றான் மெக்கானிக்.

“ஒண்ணுமில்ல. நேரம் போய்க்கிட்டே இருக்கு. செய்ய வேண்டியதைச் செய்யாம உக்காந்திருக்கேன்.”

பாவம், வயது ஏறிக்கொண்டே போவதை நினைத்துச் சொல்கிறாள் என்று அவனுக்கு இரக்கமாக வந்தது. எட்டாவது பதார்த்தம் வருவதற்குள் இந்த நாடகத்தை முடித்துவிட வேண்டும் என்று, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ள எழுந்து போனான்.

திரும்பி வரும்போது தூண் மறைவில் பேச்சுக் குரல் கேட்டது. வரவேற்பு மேஜைப் பெண் அழாக்குறையாக யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“ஏழாம் மேஜைக்கு வர வேண்டியவங்க வரலன்னு மத்தியானமே போன் பண்ணிட்டாங்களாமே, என்கிட்ட யாரும் சொல்லலையே மேடம். நான் உக்கார வெச்சுட்டேனே...”

மெக்கானிக் அங்கேயே நின்றுவிட்டான்.

மாப்பிள்ளை வரவே போவதில்லை. ஒரு வார்த்தை அவளிடம் சொல்லாமல் மத்தியானமே கழற்றிக்கொண்டுவிட்டான். நல்ல கோட்டு எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தவளை. இப்போது ‘நான் மெஷின் ரிப்பேருக்கு வந்தவன்’ என்று சொன்னால், அவளுக்கு இந்த ஊரில் நடக்க முகம் இருக்காது. கடைசித் தட்டு வரை உட்கார்ந்து, அவளைச் சந்தோஷமாக அனுப்பிவிட்டுப் பிறகு உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தான். மெஷின் எங்கே ஓடிவிடப் போகிறது?

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அதன்பிறகு நடந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. எட்டாவதாக ஒரு கண்ணாடி ஜாடி மூடியில் வந்த வெண்ணெய்க்கட்டியைப் பார்த்து, அதன் பூர்விகம் எது, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்று கதை கட்டினான். ஒன்பதாவதாகக் காய் நறுக்கும் பலகையில் வந்த கிழங்குக்கு அவள் ஒரு மாமியாரைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவர்கள் சிரிப்பது பக்கத்து மேஜைகளுக்கும் தொற்றிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில் அவள் கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழுந்ததை அவன் பார்த்தான். சந்தோஷமாக அனுப்ப வேண்டும் என்று நினைத்தவன், அனுப்ப வேண்டுமே என்று வருத்தப்பட ஆரம்பித்தான்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான் கடைசியில், தாங்க முடியாமல்.

அவள் சிரிப்பு நின்றது.

“என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். கடைசித் தட்டு வரட்டுமே. அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்.”

அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அதை நாசூக்காகத் தள்ளிப்போடுகிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். சரி என்று தலையாட்டினான்.

பத்தாவது பதார்த்தத்துக்கு மீசைக்காரர் ஒரு சட்டியும் கரண்டியுமாக வந்தார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது.

“எல்லாரும் கையை நீட்டுங்க. உள்ளங்கை இல்ல, புறங்கை.”

நாற்பது பேரும் நீட்டினார்கள். ஒவ்வொரு புறங்கையிலும் ஒரு கரண்டி ஆப்பிள் கூழ் வந்து விழுந்தது.

“பாத்திரம்ங்கறது உணவுக்கும் உடம்புக்கும் நடுவுல நிக்கற ஒரு சுவர். இன்னிக்கு அதை இடிச்சுட்டோம்.”

மொத்தக் கூடமும் கைதட்டப் பார்த்தது. கையில் கூழ் இருந்ததால் தட்ட முடியவில்லை. மேஜையைக் காலால் தட்டினார்கள். எட்டாம் மேஜைப் பெரியவர் தன் கையைத் தானே நக்கிக்கொண்டு, வாழ்க்கையில் இப்படி ஒரு விருந்து சாப்பிட்டதில்லை என்று தேம்பினார்.

மெக்கானிக்கால் இதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் கையை நக்குவது தன்னால்.

“ரெண்டே நிமிஷம், வந்துடறேன். எங்கயும் போயிடாதீங்க,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, புறங்கையில் கூழோடு, மீசைக்காரர் மறிப்பதற்குள் சமையல்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தான்.

உள்ளே ஆள் உயரத்துக்குத் தட்டு அடுக்கியிருந்தது. அதற்குப் பின்னால், முழங்கை வரை நுரையோடு, பாத்திரம் கழுவும் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தலைமைச் சமையல்காரர் ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றலாமா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு நீங்க?” என்றாள் அந்த அம்மா.

“மெஷினுக்கு வந்தவன்.”

“ஆறு மணிக்கு வர்றேன்னீங்களே?”

“ஆறு மணிக்கே வந்துட்டேங்க. வெளிய சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்.”

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். சாமான் பை முன்வாசலில் இருந்தது. அதை எடுக்கப் போனால் மீசைக்காரர் பிடித்துக்கொள்வார். ஒரு முள்கரண்டியை வாங்கிக்கொண்டு மெஷினைத் திறந்து, தரையில் மல்லாந்து படுத்து, இடுப்பு வரை உள்ளே போனான். கல்யாணச் சட்டையின் கதி அங்கேயே முடிந்தது. அழுக்குத் தண்ணீர் வெளியே போகும் துளையில் ஏதோ அடைத்திருந்தது. முள்கரண்டியால் நெம்பி நெம்பி இழுத்தான். எலுமிச்சைத் தோல் ஒரு கொத்தாக வெளியே வந்தது. சுவிட்சைப் போட்டான். மெஷின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

மொத்தம் எட்டு நிமிஷம்.

தலைமைச் சமையல்காரர் அவன் இரண்டு தோளையும் பிடித்தார். அறையப் போகிறார் என்று மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டான்.

“மெஷின் ஓடறது வெளிய யாருக்கும் தெரிய வேணாம்,” என்றார் அவர் மெதுவாக. “வர்ற மாசம் பூரா புறங்கையே வேணும்னு ஆறு மேஜைல கேட்டிருக்காங்க.”

மெக்கானிக் தலையாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். அவன் மனசு அங்கே இல்லை. சட்டையெல்லாம் அழுக்குத் தண்ணீர், முழங்கையில் கரி. நல்லதுதான். இனி பொய் சொல்ல முடியாது. இந்தக் கோலத்திலேயே போய் அவள் முன்னால் நின்று, ‘நான் மாப்பிள்ளை இல்லீங்க, மெக்கானிக். ஆனா சிரிச்சதெல்லாம் நிஜமாத்தான் சிரிச்சேன்’ என்று சொல்லிவிடுவது. வார்த்தைகளை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

ஏழாம் மேஜையில் ஆள் இல்லை. நாற்காலி முதுகில் கோட்டு இல்லை. பதினொன்றாவது பதார்த்தம், கையால் கழுவி ஈரம் காயாத தட்டுகள் இரண்டில், தொடப்படாமல் இருந்தது.

மீசைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்க உள்ள போனதும், கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டிருந்தாங்க சார். அப்புறம் எழுந்துட்டாங்க. கோட்டைப் போட்டுக்கிட்டாங்க. கண்ணு நிறையத் தண்ணி. அதுக்குள்ள என்னை மூணாம் மேஜைல கூப்பிட்டாங்க.”

மெக்கானிக் உட்கார்ந்தான். கதவு இடுக்கில் தன்னைப் பார்த்திருக்க வேண்டும். மெஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனை. ஏமாற்றுக்காரன் என்று நினைத்துப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பக்கம் போனாள் என்று யாரிடம் விசாரிப்பது?

பதினொன்றாவது தட்டை அவன் தொடவில்லை. சாப்பிட்ட இடத்தைச் சுத்தம் செய்துவிட்டாவது போகலாம் என்று, தன் தட்டையும் அவள் தட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி சமையல்கட்டுக்குப் போனான். பாத்திரம் கழுவும் அம்மா இப்போது ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மெஷின் ஓடுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, என் எதிர்ல ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. சாம்பல் கலர் கோட்டு. வெளிய போறதை நீங்க பார்த்தீங்களா?”

அந்த அம்மா எழாமல், மூலையிலிருந்த குளிர்அறைக் கதவைத் தாடையால் காட்டினாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அந்தப் பொண்ணு எங்க வெளிய போச்சு, நீங்க மெஷினுக்குள்ள தலையை விட்டிருந்தப்போ இந்த வழியாத்தான் உள்ள வந்துச்சு, அதுவும் உங்களை மாதிரி ஆறு மணிக்கே ஃப்ரீஸர் ரிப்பேருக்கு வந்து சாப்பிட உக்காந்துட்ட ஆளுதான்; ‘நல்ல மாப்பிள்ளையை ஏமாத்திட்டேனே’ன்னு உள்ள அழுதுக்கிட்டே வேலை பாக்குது, கொஞ்சம் போய் என்னன்னு கேளுங்க.”